கூச்சலுக்கு முதற்பக்கம், தீர்ப்புக்கு மூலையா?

இலங்கையின் தமிழ்ச் செய்தியறைகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த நண்பர்களே,

இந்த மடலைச் சிங்களப் பத்திரிகைகளுக்கு எழுதியிருக்கலாம். அரசுக்கோ மதத் தலைவர்களுக்கோ எழுதியிருக்கலாம். உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. எழுதியதற்காக உயிரைக் கொடுத்தவர்களின் வழியில் வந்தவர்கள் நீங்கள். 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் அவரது வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் ஊடகவியலாளர் தராக்கி சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி ‘உதயன்’ நாளிதழின் அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் உலக ஊடக சுதந்திர தினம். கருத்துச் சுதந்திரம் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வேண்டுகோளை உங்களிடம் வைக்கிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதவெறி பேசுபவரின் கூச்சலுக்கு நீங்கள் கொடுக்கும் இடத்தை, அந்தக் கூச்சலால் சிறைக்குப் போனவரின் வழக்குக்கும் விடுதலைக்கும் கொடுங்கள். எழுதியதற்காக ஒருவர் உள்ளே தள்ளப்பட்டால், அவருடைய மதம், மொழி, அவரை நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்றெல்லாம் பாராமல் அவர் பக்கம் நில்லுங்கள்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்பதை விளக்க ஒரு மாவுக் கட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில் வெள்ளையாக ஏதோ கட்டி கிடந்ததைக் கண்ட வாடிக்கையாளர், அது சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை என்று சத்தம் போட்டார். ஆட்கள் கூடினார்கள். கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றி நின்று அதட்டியவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று முழுதாக விளங்காமலே, பயத்தில், ஆமாம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். ஒருவர் அதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டார். அன்றிரவே கடை நொறுக்கப்பட்டது. அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. காணொளி பேஸ்புக்கில் நாடெங்கும் ஓடியது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துப் பார்த்தது. அது மாவுக் கட்டி. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லை என்று வைத்தியர்களும் விளக்கினார்கள்.

அந்த உண்மை மக்களைச் சென்று சேர்வதற்குள் கண்டி மாவட்டம் எரிந்தது. தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் திகதி வைத்தியசாலையில் இறந்தார். கொலை வழக்காக நடத்தி முடித்திருக்க வேண்டிய குற்றம் அது. ஏற்கெனவே காய்ந்து கிடந்த மனங்களில் அது இனப் பிரச்சினையாக மூண்டது. மறுநாளிலிருந்து திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை எனக் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. திகனவில் எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. பேஸ்புக் ஒரு வாரமளவுக்கு முடக்கப்பட்டது. அந்த வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 மே மாதம் அந்த நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு எரிந்த கடை எதையும் திருப்பிக் கட்டித் தரவில்லை.

சமூக ஊடகம் செய்த குற்றத்துக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே அச்சிலே வந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சியோன் தேவாலயம், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சியோனில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த குழந்தைகள் பலர். இந்தக் கொடுமையைச் செய்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லியே செய்தார்கள். இதில் மழுப்புவதற்கு எதுவும் இல்லை. மதத் தீவிரவாதம் என்பது பெரும்பான்மையின் நோய் மட்டுமே என்று பேசிக்கொண்டிருந்த நம் எல்லோருடைய முகத்திலும் அந்த ஞாயிறு அறைந்தது.

ஒரு மாதம் கழிந்தது. மே 23ஆம் திகதி ‘திவயின’ நாளிதழின் முதற்பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. தௌஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் 4,000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்குச் சத்திரசிகிச்சையின்போது இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்றது அந்தச் செய்தி. அதில் பெயர் இல்லை. பெயரைச் சமூக ஊடகங்கள் போட்டன. மறுநாள் குருநாகல் போதனா வைத்தியசாலையைச் சேர்ந்த டொக்டர் ஷாபி கைது செய்யப்பட்டார். ஆதாரம் தேடும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. முறைப்பாடு செய்ய வருமாறு தாய்மார் அழைக்கப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். தொலைக்காட்சிக் கமராக்கள் வைத்தியசாலை வாசலில் நின்றன. மகாநாயக்க தேரர் ஒருவர், முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள், உண்ணாதீர்கள் என்று பகிரங்கமாகப் போதித்தார். அந்த வைத்தியரைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்று பக்தைகள் சொல்வதையும் எடுத்துச் சொல்லி, அதுதான் செய்யப்பட வேண்டியது என்றார்.

ஜூன் மாதக் கடைசியிலேயே குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லையென்று. ஜூலையில் வைத்தியர் பிணையில் வந்தார். மீண்டும் வேலையில் அமர்த்தப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுத்தி வைத்திருந்த சம்பள நிலுவையாக அவருக்கு 26 இலட்சம் ரூபாய்க்கு மேல் கிடைத்தது. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் அந்தப் பணம் முழுவதையும் அத்தியாவசிய மருந்து வாங்கச் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார்.

நண்பர்களே, உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்கு ‘4,000’ என்ற எண் ஞாபகம் இருக்கிறது? அந்த நன்கொடை எத்தனை பேருக்குத் தெரியும்? தெருவில் இறங்கி விசாரித்துப் பாருங்கள். அந்த இடைவெளிதான் நம் தொழிலின் இன்றைய நிலை.

வைத்தியர் கைதான அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையிலிருந்த பொதுபல சேனா பொதுச் செயலாளர் கலகொட அத்தே ஞானசார தேரர் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். காணாமலாக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொடவின் வழக்கின்போது ஹோமாகம நீதிமன்றத்துக்குள் புகுந்து குழப்பம் செய்ததற்காகத்தான் அவர் தண்டிக்கப்பட்டிருந்தார். ஓர் ஊடகவியலாளருக்கு நீதி கேட்ட வழக்கில் குழப்பம் செய்தவருக்கு மன்னிப்பு. ஆதாரமில்லாத பத்திரிகைச் செய்தியில் சிக்கிய வைத்தியருக்குச் சிறை. இரண்டும் ஒரே வாரத்தில். 2021இல் இதே தேரரை ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ ஜனாதிபதி செயலணிக்குத் தலைவராகவும் ஆக்கினார்கள்.

சட்டத்தின் கதையும் இப்படித்தான். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் (ஐசிசிபிஆர்) சட்டம் உங்களுக்குத் தெரியும். இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு வழிவகுப்பவரைத் தண்டிக்க வந்த சட்டம். சிறுபான்மையினருக்குக் காப்பாக இருக்க வேண்டியது. பிணை கொடுக்க மேல் நீதிமன்றத்தால் மட்டுமே முடியும் என்ற அளவுக்குக் கடுமையானது. 2014 ஜூன் 15ஆம் திகதி அளுத்கமவில் நடந்த கூட்டத்தில் ஞானசார தேரர் பேசிய பேச்சையும் அதைத் தொடர்ந்து அளுத்கம, பேருவளை, தர்கா நகர் எரிந்ததையும் உலகமே பார்த்தது. அந்தப் பேச்சுக்காக அவர் இந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்படவில்லை. யார் மீது அது பாய்ந்தது என்று பாருங்கள்.

சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் பௌத்த மடத்துக்குள் நடக்கும் துஷ்பிரயோகத்தைத் தொட்டுச் செல்லும் சிறுகதை ஒன்றை 2019இல் பேஸ்புக்கில் போட்டார். பிக்குகள் முறையிட்டார்கள். ஏப்ரல் 1ஆம் திகதி கைதானவர் நான்கு மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, வழக்குத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு சொன்னது.

அதே 2019 மே மாதத்தில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் உடையில் அச்சிட்டிருந்த கப்பலின் சுக்கான் சக்கரம், தர்மச் சக்கரம் போலத் தெரிந்ததாம். அதற்காக அவர் வாரக் கணக்கில் விளக்கமறியலில் இருந்தார்.

2020 ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச ஊழியர் ரம்ஸி ராசிக், முஸ்லிம்கள் மீதான வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு கருத்தால் எதிர்கொள்ள வேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதினார். ‘ஜிஹாத்’ என்ற சொல்லையும் அதில் பயன்படுத்தியிருந்தார். அது போதுமாக இருந்தது. கொலை மிரட்டல்கள் வந்தன. பொலிஸில் முறையிட்டார். கைதானது மிரட்டியவர்கள் அல்ல, அவர்தான். ஐந்து மாதங்களுக்கு மேல் சிறை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, 10 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

இப்போது நம் வீட்டுக்குள் வருகிறேன்.

அஹ்னாப் ஜஸீம். மன்னார் மாவட்டத்து இளைஞர், தமிழாசிரியர், கவிஞர். 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். 2020 மே மாதம் அவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்தார்கள். நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறது, அதை மாணவர்களுக்குப் போதித்தார் என்றார்கள். வன்முறையையும் ஐஎஸ் இயக்கத்தையும் கண்டிக்கிற கவிதைகள் அந்தத் தொகுப்பில் இருந்தன. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்து இதைச் சொல்லியிருக்க முடியும். ஆனால் அவர் 2021 டிசம்பர் வரை, ஏறத்தாழ 19 மாதங்கள் தடுப்பில் இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அந்த நூல் தமிழில் இருந்தது. உங்கள் செய்தியறையில் இருக்கும் எல்லோருக்கும் தமிழ் தெரியும். பொலிஸ் சொன்னதை மட்டும் எழுதாமல், நூலைத் தேடி எடுத்து, பக்கம் பக்கமாகப் படித்து, ‘இதில் இருப்பது இதுதான்’ என்று அந்த முதல் வாரத்திலேயே எழுதியவர்கள் உங்களில் எத்தனை பேர்? எழுதியவர்களுக்கு என் வணக்கம். எழுதாதவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. அந்த நாட்களின் பயம் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தமிழ்க் கவிஞருக்கு நடந்ததை முதலில் கையில் எடுத்திருக்க வேண்டியவை தமிழ்ச் செய்தியறைகள்தான். வெளிநாட்டு உரிமை அமைப்புகள் குரல் கொடுத்த பிறகு அதைச் செய்தியாக்குவது நமக்கு அழகல்ல.

இதே தமிழில்தான் உயிர்த்த ஞாயிறு தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாசிமும் பேசினார். அவருடைய வெறுப்புப் பிரசங்கங்கள் ஆண்டுக்கணக்கில் இணையத்தில் கிடந்தன. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூபி முஸ்லிம்களுடன் அவரது ஆட்கள் மோதினார்கள். அதன் பிறகு அவர் தலைமறைவானார். அவரைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே. அவர்கள் சொன்னதைத் தொடர்ந்து போய் விசாரித்தவர்கள் யார்? கொழும்பிலிருக்கும் சிங்கள, ஆங்கில ஊடகங்களுக்கு அந்தப் பேச்சு விளங்காமல் போயிருக்கலாம். நமக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. தீவிரவாதியின் பேச்சைக் கேட்டுச் சமூகத்தை எச்சரிக்க வேண்டிய காலத்தில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அவர் குண்டு வைத்த பிறகு அதே பேச்சுகள் நாள் முழுக்கத் திரையில் ஓடின.

ஷர்மிளா ஸெய்யித்தையும் மறந்துவிடக் கூடாது. ஏறாவூரைச் சேர்ந்த இந்த எழுத்தாளர் 2012இல் பிபிசி தமிழுக்குக் கொடுத்த செவ்வியில், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்றார். ஒரு கருத்துச் சொன்னார், அவ்வளவுதான். கொலை மிரட்டல், வசை. கடைசியில் அவர் நாட்டை விட்டே போக நேர்ந்தது. 2015இல் அவர் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார் என்ற பொய்ச் செய்தியைப் போலிப் படங்களுடன் பரப்பினார்கள். உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் மரணத்தைக் கொண்டாடிய கூட்டம் அது. அவரை மிரட்டியவர்களுக்கும் சத்குமாரவை உள்ளே தள்ளியவர்களுக்கும் மதம் வேறு, மொழி வேறு. புத்தி ஒன்றுதான்.

இந்து என்று சொல்லிக்கொள்பவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. வடக்கில் 2016இல் தொடங்கப்பட்ட சிவசேனை அமைப்பு கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் எதிராக என்ன பேசிவருகிறது என்று பாருங்கள். 2018இல் திருகோணமலையில் ஒரு மகளிர் பாடசாலைக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக் கூடாதென்று நம்மவர்கள் போராடினார்கள். குருந்தூர்மலையில் நீதிமன்றக் கட்டளையை மீறிப் பௌத்த கட்டுமானம் எழுவதையும், அந்த வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியைத் துறந்து நாட்டை விட்டுப் போனதையும் பார்த்துக் கொதிக்கிறோம். அந்தக் கொதிப்பு நியாயமானது. அந்த நியாயத்தை இன்னொரு சிறுபான்மையின் உடையிலும் உணவிலும் கை வைக்கப் பயன்படுத்துவது அநியாயம். இதை உங்கள் தலையங்கத்தில் எழுத உங்களுக்குத்தான் உரிமை அதிகம். நம் வாசகர் வெளியாட்கள் சொல்வதைவிட நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

கவனம் எங்கே போகிறது என்பதற்கு இன்னும் ஓர் உதாரணம். 2023 ஒக்டோபரில் மட்டக்களப்பு மங்களராமய விகாராதிபதி அம்பிட்டிய சுமணரத்ன தேரர், தெற்கிலுள்ள தமிழர்களைத் துண்டு துண்டாக வெட்டுவோம் என்று கத்திய காணொளி வந்தது. அது செய்தி. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் மீது சட்டம் உடனே பாயாததைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சில நொடிக் கத்தல் திரும்பத் திரும்ப ஓடிய அதே காலத்தில், அதே மாவட்டத்தில், மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள். 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் அது. மாடுகள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டன. நிலம் யாருடையது, எந்தத் திணைக்களம் என்ன சொன்னது, நீதிமன்றம் என்ன கட்டளையிட்டது என்று வாரக் கணக்கில் தோண்டி எழுத அங்கே விஷயம் இருந்தது. ஒரு தேரரின் தொண்டைக்குக் கிடைத்த இடம் அந்தப் பண்ணையாளர்களுக்குக் கிடைத்ததா?

வெறும் வாயை மெல்லும் மதவெறியருக்கு நம் கமரா அவலாகக் கிடைக்கிறது. தலைவனாக உயர அவருக்கு ஊரில் பெரிய ஆதரவு தேவையில்லை. ஒருவர் கத்த வேண்டும், நாம் அதை ஒளிபரப்ப வேண்டும், எதிர்த்தரப்பில் இன்னொருவர் கொதித்தெழ வேண்டும். இரண்டு தரப்பிலும் நிதானமாகப் பேசுகிறவர்கள் அத்தோடு காணாமல் போவார்கள். அப்புறம் சிங்களவர் என்றாலே ஞானசார, முஸ்லிம் என்றாலே சஹ்ரான் என்று நம் பிள்ளைகள் நம்பத் தொடங்குவார்கள்.

அப்படியானால் மறைத்துவிடலாமா? கூடாது. அதையும் இந்த நாடு பார்த்துவிட்டது. அளுத்கம எரிந்த இரவுகளில் பிரதான ஊடகங்கள் பெரும்பாலும் வாய்மூடி இருந்தன. என்ன நடக்கிறதென்று மக்கள் கைபேசிகள் வழியாகத்தான் அறிந்துகொண்டார்கள். செய்தி இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்தது. மௌனம் பாதிக்கப்பட்டவர்களைக் கைவிட்டது, தாக்கியவர்களைக் காப்பாற்றியது. ஆகவே நான் கேட்பது மறைப்பையல்ல, அளவை.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்றால், ஒத்துவந்த இடம் இருக்கிறது. 2019 மார்ச் 15ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கு விசாரணைக்கு முன்னரே அந்நாட்டின் ஐந்து பெரிய செய்தி நிறுவனங்கள் கூடி எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. வழக்கைத் தவறாமல் செய்தியாக்குவோம், கொலையாளியின் வெள்ளையினவாதப் பிரசாரத்துக்கு மட்டும் மேடை கொடுக்க மாட்டோம் என்றன. எந்த அரசும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தொழிலில் போட்டியாளர்களாக இருப்பவர்கள் தாமாக எடுத்த முடிவு அது.

தாமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாம் செய்யாவிட்டால் அரசு செய்யும். அரசு செய்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன வழக்குகள் காட்டுகின்றன. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மத உணர்வைப் புண்படுத்தும் பொய்க் கூற்றையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது. எது உண்மை, எது பொய் என்று சொல்லும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுத்திருக்கிறது. வெறுப்புப் பேச்சை அடக்கத்தான் என்று சொல்லிக்கொண்டு வரும் ஒவ்வொரு சட்டமும் நம் நாட்டில் முதலில் பலமில்லாதவர் வீட்டுக் கதவையே தட்டியிருக்கிறது. 2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நட்டாஷா எதிரிசூரிய புத்தரின் பிள்ளைப் பருவத்தைப் பற்றி மேடையில் சொன்ன ஒரு பேச்சுக்காக விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தார். ஞானசார தேரர் 2016இல் இஸ்லாத்தைப் பற்றிப் பேசியதற்குத் தண்டனை வர 2024ஆம், 2025ஆம் ஆண்டுகள் ஆயின. ஒருவருக்கு உடனே சிறை, இன்னொருவருக்கு எட்டு ஆண்டு அவகாசம்.

கோடு எங்கே என்று கேட்பீர்கள். என் விடை எளியது. மனம் புண்படுவது வேறு, ஆளுக்கு ஆபத்து வருவது வேறு. புத்தரையோ நபியையோ சிவனையோ இயேசுவையோ பற்றி ஒருவர் சொன்னது நம்பிக்கையாளரை நோகடித்தால், பதிலுக்கு எழுதலாம், கண்டிக்கலாம், புத்தகத்தை வாங்காமல் விடலாம். பொலிஸை அழைக்க அங்கே வேலை இல்லை. இந்தக் கடையை எரி, இவர்களிடம் வாங்காதே, இவர்களை வெட்டு என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால் அங்கே சட்டம் உடனே வர வேண்டும். சொன்னவர் அணிந்திருப்பது காவியா, ஜிப்பாவா, அங்கியா என்று பார்க்காமல் வர வேண்டும். நம் நாட்டில் நடப்பது இதற்குத் தலைகீழ்.

உங்கள் சிரமங்கள் தெரியாமல் இதை எழுதவில்லை. ஆள் பற்றாக்குறை, குறைந்த சம்பளம், முதலாளியின் நெருக்குதல், புலனாய்வாளரின் தொலைபேசி, எண்ணிக்கையைத் துரத்தும் இணையப் பக்கம், எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்குள் நின்றுகொண்டே செய்யக்கூடிய ஐந்தை மட்டும் கேட்கிறேன்.

முதலாவது, கைதுச் செய்தியைப் போட்ட பக்கத்தில், அதே அளவில், விடுதலைச் செய்தியைப் போடுங்கள். கருத்துக்காகவோ மதத்தின் பேரிலோ கைதான ஒவ்வொருவரின் வழக்கும் எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று ஒரு குறிப்பேடு வைத்துத் தொடருங்கள்.

இரண்டாவது, வெறுப்புப் பேச்சைச் செய்தியாக்கும்போது காணொளியை அப்படியே ஓட விடாதீர்கள். என்ன சொன்னார், அதில் எது பொய், சட்டம் என்ன சொல்கிறது, பொலிஸ் ஏன் சும்மா இருக்கிறது என்று எழுதுங்கள். பொய்யைத் தலைப்பாக வைத்து உண்மையைக் கடைசிப் பந்தியில் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, ஒரு நூலோ கதையோ நாடகமோ பிரச்சினையானால், முதலில் அதைப் படியுங்கள், பாருங்கள். படித்தவர் எழுதட்டும்.

நான்காவது, குற்றம் செய்தவரின் மதம் செய்திக்குத் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். 2020இல் கொரோனா நோயாளிகளின் மதத்தைச் சொல்லிச் சொல்லிச் செய்தி வாசித்த நாடு இது. அந்த வெறுப்பு கட்டாயத் தகனத்தில் போய் முடிந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியும் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

ஐந்தாவது, சிங்கள ஊடக நண்பர்களோடு கைகோருங்கள். சத்குமாரவுக்காகக் குரல் கொடுத்த சிங்கள எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். காணாமல்போன கணவனுக்காக நீதி கேட்டு ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேறும் சந்தியா எக்னலிகொட இருக்கிறார். அவர்களைத் தமிழ் வாசகருக்குக் காட்டுங்கள். அஹ்னாபின் கவிதையைச் சிங்கள வாசகருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இவர்கள் ஒருவரையொருவர் அறியாதிருக்கும்வரை மதவெறியருக்கு வேலை சுலபம்.

நாளை இன்னொரு ஊரில் இன்னொரு காணொளி வரும். உங்கள் மேசைக்கு அது வந்து சேரும் முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் எடுக்கும் முடிவில் ஒரு கடையும் ஒரு குடும்பமும் தப்பலாம், எரியவும் செய்யலாம். அந்த ஒரு மணி நேரத்தில் சரிபார்த்துவிட்டுப் பிரசுரியுங்கள். எழுதியதற்காக யாராவது கைதானால் மறுநாளே அவர் பெயரைச் சொல்லி எழுதுங்கள். அவர் வெளியே வரும்வரை எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்